முதலில் வரும் நிறம்

காலை ஐந்தரை மணிக்கு, ஷிஃப்டுக்குப் போக நான் தலைவாரிக்கொண்டிருந்தபோது, என் கணவர் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படுக்கையறை வாசலில் வந்து நின்றார். பதினொரு மாதத்தில் அவர் அந்த வாசலுக்குத் தலையணையோடு வந்தது அதுதான் முதல் தடவை. என் கையில் சீப்பு பாதி முடியிலேயே நின்றுவிட்டது. கட்டிலில் அவர் பக்கம் அடுக்கி வைத்திருந்த துவைத்த துணிகளை எங்கே நகர்த்துவது என்று கண்ணாடியில் அவரைப் பார்த்தபடியே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

"மேல ஒழுகுது" என்றார்.

"என்னது?"

"அந்த ரூம் சீலிங். நெத்தியில சொட்டு விழுந்துச்சு. முதல்ல கனவுன்னு நினைச்சேன்."

நான் நம்பாமல் போய்விடுவேன் என்பது போலத் தலையணையைத் திருப்பிக் காட்டினார். உள்ளங்கை அளவுக்கு ஈரம். பிறகு ஹாலுக்குப் போய், காய்ந்த பக்கம் மேலே வரும்படி தலையணையை சோபாவில் போட்டுப் படுத்துக்கொண்டார். சோபா மூன்று பேர் உட்காருவது. அவருடைய கால்கள் முழங்காலுக்குக் கீழே வெளியே தொங்கின. நான் மிச்ச முடியையும் வாரி முடித்தேன்.

எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. அதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்பதால் நான் யாரிடமும் சொன்னதும் இல்லை. போன வருடம் அவருக்கு வறட்டு இருமல் வந்தது. இரவெல்லாம் இருமி, என் தூக்கம் கெடுகிறதே என்று அவராகத்தான் தலையணையை எடுத்துக்கொண்டு மகளின் அறைக்குப் போனார். மகள் அப்போதுதான் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போயிருந்தாள். அறை காலியாக இருந்தது. இருமல் ஆறு வாரத்தில் நின்றது. தலையணை திரும்பி வரவில்லை. இன்று வருவார், நாளை வருவார் என்று நான் இருந்தேன். என்ன நினைத்துக்கொண்டு அவர் இருந்தார் என்று எனக்குத் தெரியாது. ஐம்பத்திரண்டு வயதில், கல்யாணமாகி இருபத்தேழு வருடம் கழித்து, "ஏங்க, இங்க வந்து படுங்களேன்" என்று சொல்ல வாய் வராது என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். நாள் ஆக ஆக அந்த வாக்கியம் கனத்துக்கொண்டே போனது. இதில் கோபம் இருந்தால்கூட நல்லது. கோபம் ஆறிவிடும்.

அன்று மாலை இரண்டு பேரும் மேல்வீட்டுக்குப் போனோம். அங்கே இருப்பவர் கணக்கு டீச்சர். பள்ளியில் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்து வீட்டிலும் டியூஷன் எடுப்பார். அவருடைய கணவருக்கு மூன்று மாதத்துக்கு முன்பு இடுப்பு எலும்பில் அறுவை சிகிச்சை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தவர், எங்களைப் பார்த்ததும் ஒரு கையைத் தூக்கி வணக்கம் சொல்லப் பார்த்து, சாய்ந்து, மறுபடி பிடித்துக்கொண்டார்.

"எங்க பாத்ரூமா? வாய்ப்பே இல்லக்கா" என்றார் டீச்சர். "இவருக்கு ஆபரேஷன்னு முடிவானதும் தரைய மாத்தி, சுவத்துல கைப்பிடி வச்சு, எல்லாம் புதுசா பண்ணியிருக்கோம்."

"புதுசா பண்ணா ஒழுகறது சகஜந்தாங்க" என்றார் என் கணவர். அந்த நேரத்தில் அவர் வாயைத் திறந்திருக்க வேண்டாம்.

"அப்போ பழசாவே விட்டிருந்தா ஒழுகாதுங்கறீங்களா சார்? நான் கணக்கு சொல்லித்தர்றவ. எனக்கும் கொஞ்சம் லாஜிக் வரும்."

"வாக்கர் நுழையற அளவுக்கு அந்த ஒரு பாத்ரூம் கதவுதான் அகலம்" என்றார் அவருடைய கணவர், நடையை நிறுத்தாமல். "இன்னொண்ணுல நான் நுழையணும்னா இடுப்புக்கு இன்னொரு ஆபரேஷன் பண்ணணும்."

அவர் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை. டீச்சர் பயப்படுவது எதற்கு என்று எனக்குப் புரிந்தது. பாத்ரூம்தான் காரணம் என்றால் தரையை உடைப்பார்கள். உடைத்துப் பூசிக் காய்வதற்குப் பத்து நாள். அந்தப் பத்து நாளும் இந்த மனிதர் எங்கே போவார்?

இரண்டு வாரம் இழுத்தது. மகளின் அறையில் கூரையின் மூலை பால் ஆடை போலப் புடைத்து, உரிந்து, ஒருநாள் தட்டளவுக்கு ஒரு துண்டு கட்டிலில் விழுந்தது. கட்டிலை நகர்த்தி வாளி வைத்தோம். வாளியில் சொட்டும் சத்தம் ஹால் வரைக்கும் கேட்கும். அவர் சோபாவிலேயே படுத்தார். ஒருநாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு, "சோபாவுல முதுகு வலிக்கலையா?" என்று கேட்டேன். "இல்லையே" என்றார். அத்தோடு அது முடிந்தது. மறுநாள் குளித்துவிட்டு வந்தவர், குனிந்து சாக்ஸ் போட முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். பார்க்காதது போல இருந்தேன்.

கடைசியில் அசோசியேஷன் செகரட்டரி ஒரு பிளம்பரை அழைத்து வந்தார். நெற்றியில் டார்ச் கட்டியிருந்த ஒல்லியான மனிதர். மூலையை ஒரு நீளக் குச்சியால் தட்டிப் பார்த்தார். சுவரில் காதை வைத்துக் கேட்டார். டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கினார்.

"இந்த மூலைக்கு நேர் மேல ஒரு பக்கம் அவங்க பாத்ரூம், இன்னொரு பக்கம் வாஷிங் மெஷின் வச்சிருக்கற பால்கனி. ரெண்டுல எதுன்னு பாத்துச் சொல்ல முடியாதுக்கா. தண்ணி மாமியார் மாதிரி. நுழையறது ஒரு இடம், தலைகாட்டறது வேற இடம்."

"எதுவா இருக்கும்னு நினைக்கறீங்க?"

"நூத்துக்குத் தொண்ணூறு பாத்ரூம்தான். ஆனா சந்தேகத்துக்கு உடைக்க முடியாதில்ல? கலர் ஊத்திப் பாத்துடுவோம். நாளைக்குப் பத்து மணிக்கு பாத்ரூம் தரையில சிவப்பு ஊத்தறேன். மெஷின் தண்ணி போற குழாயில பச்சை. கீழ எது முதல்ல வருதோ அதுதான் குத்தவாளி. யாராவது ஒருத்தர் கண்ணெடுக்காம பாத்துட்டே இருக்கணும். ஒரு மணி நேரம் ஆகலாம், மூணு மணி நேரமும் ஆகலாம். யார் பாக்கறீங்க?"

"நான் லீவு போட்டுப் பாக்கறேன்" என்றார் என் கணவர்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் பிளம்பரின் நெற்றியில் இருந்த டார்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் கணவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. பிறவியிலேயே அப்படி. இரண்டும் அவருக்கு ஒரே மாதிரியான மங்கல் நிறம். கல்யாணமான புதிதில், "உனக்குச் சிவப்பு பிடிக்கும்னு சொன்னியே" என்று ஆசையாக ஒரு பை வாங்கி வந்தார். நல்ல பாசிப்பச்சை. அன்றைக்குத்தான் விஷயத்தை என்னிடம் சொன்னார். அந்தப் பையை நாலு வருடம் வைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் சிவப்புப் பை. அதைக் கேட்டே வளர்ந்த மகள், பாலர் பள்ளியில் இலையைக் காட்டிச் சிவப்பு என்று சொல்ல, பிள்ளையின் கண்ணைச் சோதிக்கச் சொல்லி அந்தப் பள்ளி டீச்சர் சீட்டு எழுதி அனுப்பினார்.

ஆனால் வீட்டைத் தாண்டி அது யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது. அவருடைய வேலை நகலெடுக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது. கறுப்பு வெள்ளை மட்டும் இருந்த காலத்தில் தொல்லை இல்லை. கலர் இயந்திரங்கள் வந்தபிறகு, மைப்பெட்டிகளில் இருக்கும் எழுத்தைப் பார்த்துப் பார்த்து மாட்டிவிடுவார். நிறம் சரியாக விழுகிறதா என்று பார்ப்பதற்கு மட்டும் சோதனைத் தாள்களை வீட்டுக்குக் கொண்டுவருவார். இரவு படுக்கையில் உட்கார்ந்து நான்தான் பார்ப்பேன். "இந்த முகம் கொஞ்சம் செவந்து இருக்குங்க. இது சரி. இது காமாலை வந்த மாதிரி இருக்கு." அவர் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வார். நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். பகலெல்லாம் சோதனைக் குழாய்களின் நிறம் பார்த்துவிட்டு, ராத்திரி இவருடைய தாள்கள். அலுத்துக்கொள்வேன். ஆனால் அந்தத் தாள்களுக்காக விளக்கைக் கொஞ்சம் நேரம் கழித்து அணைப்போம். மிச்சப் பேச்செல்லாம் அப்போதுதான் நடக்கும்.

தலையணை போன பிறகு தாள்களும் வரவில்லை. சட்டையும் அப்படித்தான். தினமும் எந்தச் சட்டைக்கு எந்த பேன்ட் என்று நான்தான் எடுத்து வைப்பேன். இருமல் நின்ற மாதத்தில் அவர் புதிதாக ஆறு சட்டை வாங்கினார். நாலு வெள்ளை, இரண்டு வெளிர் நீலம். எதற்கு எதைப் போட்டாலும் பொருந்தும். என்னைக் கேட்க வேண்டியதில்லை. அந்த ஆறு சட்டையும் கொடியில் வரிசையாகக் காய்வதைப் பார்க்கும்போது எனக்கு வந்த ஆத்திரம் எந்தச் சண்டையிலும் வந்ததில்லை.

பிளம்பர் போன பிறகு, நாளைக்கு நான் ஷிஃப்ட் மாற்றிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அவர் கேட்கட்டும் என்று இருந்தேன். நான் சொல்வேன் என்று அவர் இருந்திருப்பார். டீ குடித்த டம்ளர்களைத் தேவைக்கு மேல் நேரம் எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தார். நான் மறுநாளைக்கான என் உடுப்பைத் தேய்த்தேன்.

எங்கள் பரிசோதனைக் கூடத்தில் கைப்பேசியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மதியம் ஒரு மணிக்குத் திறந்தபோது அவரிடமிருந்து மூன்று அழைப்புகள் வந்திருந்தன. பதினொன்று இருபது, இருபத்திரண்டு, இருபத்தேழு. அதன் கீழே ஒரு செய்தி: 'முடிஞ்சது. ஒண்ணும் பிரச்சினை இல்ல.' கூப்பிட்டுப் பேசலாமா என்று விரலை வைத்தேன். பிரச்சினை இல்லை என்கிறாரே என்று எடுத்துவிட்டேன்.

நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தால், லிஃப்டில் டீச்சர் நின்றுகொண்டிருந்தார். கையில் புதிதாக வாங்கிய ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். முகம் வீங்கியிருந்தது.

"சந்தோஷமாக்கா? அஞ்சு மணிக்கு மேஸ்திரி அளவெடுக்க வர்றார். நாளைக்கு உடைக்கறாங்க."

"பாத்ரூம்தானா?"

"சிவப்பாமே. உங்க வீட்டுக்காரர் போன்ல அடிச்சுச் சொல்லிட்டாராம். பிளம்பர் எங்கேயோ வேலையா இருந்தாராம், நேர்ல வரக்கூட இல்ல. பாத்ரூம்தான்னு அவருக்கு மொதல்லயே தெரியுமாம்." ஸ்டூலை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "இவர் அழுதுட்டார்க்கா. ஆபரேஷனுக்குக்கூட அழாத மனுஷன். பத்து நாளைக்கு யார் வீட்டுக்குப் போய் இருக்கறது, சொல்லுங்க?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் மகளின் அறைக்குப் போனேன். அண்ணாந்து பார்த்தேன். மூலையில் உரிந்த வெள்ளைப் பூச்சைச் சுற்றி ஒரு வளையம். வாளியின் அடியில் ஒரு விரல்கடை அளவு தண்ணீர். கீழே விரித்திருந்த பழைய வெள்ளை விரிப்பில் பதினைந்து இருபது வட்டங்கள். எல்லாம் பச்சை. கிளிப்பச்சை. மருந்துக்குக்கூடச் சிவப்பு இல்லை.

திரும்பியபோது அவர் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். அந்த வித்தை மட்டும் இன்னும் போகவில்லை.

"பச்சையா?" என்றார்.

"பச்சை."

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "மூணு தடவ கூப்பிட்டேன்."

"பாத்தேன்."

"மொதச் சொட்டு விழுந்ததும் பிளம்பர் போன் பண்ணிட்டான். என்ன கலர் சார், என்ன கலர் சார்னு. நூத்துக்குத் தொண்ணூறு பாத்ரூம்னு அவனேதான சொன்னான்? சிவப்பாத்தான் இருக்கும்னு..." நிறுத்தினார். "தெரியலன்னு எப்படிச் சொல்றது? கலர் மெஷின் சர்வீஸ் பண்றவன், கலர் தெரியலன்னு?"

"போட்டோ எடுத்து எனக்கு அனுப்பியிருக்கலாம்ல?"

"நீதான் எடுக்கலையே."

அவர் குற்றம் சொல்லவில்லை. நடந்ததைத்தான் சொன்னார். அதனால்தான் சுருக்கென்றது.

"சரி, நான் மேல போறேன். அஞ்சு மணிக்கு எல்லாரும் வர்றாங்களாம்."

"செகரட்டரியும் இருப்பார்" என்றார். செகரட்டரியின் அலுவலகத்தில் பதினொரு இயந்திரங்கள் இவருடைய பொறுப்பில். "என்னைப் பத்திச் சொல்லாத. வேற ஏதாவது சொல்லு."

"வேற என்னத்தச் சொல்றது?"

"நீ கெட்டிக்காரி."

பதினொரு மாதத்தில் அவர் என்னைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை. அதையும் எதற்குச் சொன்னார் பாருங்கள்.

மேல்வீட்டு ஹாலில் மேஸ்திரி அளவு நாடாவோடு நின்றிருந்தார். பிளம்பர், செகரட்டரி, வாக்கரோடு டீச்சரின் கணவர். சமையலறை மேடையில் டியூஷன் பிள்ளைகளின் விடைத்தாள்கள் அடுக்கியிருந்தன. படியேறும்போதே நான் ஒரு பொய்யைத் தயாரித்து வைத்திருந்தேன். நல்ல உறுதியான பொய் என்றுதான் நினைத்தேன்.

"ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு" என்றேன். "பச்சை ஊத்தினது பாத்ரூம்ல, சிவப்பு ஊத்தினது மெஷின்லன்னு நான் அவர்கிட்ட மாத்திச் சொல்லிட்டேன். அதனால வந்த குழப்பம். இப்ப நான் பாத்துட்டு வர்றேன், கீழ விழுந்தது பச்சை. உங்க பாத்ரூம் இல்ல, மெஷின்தான்."

செகரட்டரி தலையாட்டினார். பிளம்பர்கூடத் தலையாட்டினார். டீச்சர் மட்டும் புருவத்தைச் சுருக்கினார்.

"இருங்கக்கா. நீங்க மாத்திச் சொன்னீங்க. சரி. அவர் பாத்தது பச்சை. சரி. பிளம்பர் என்ன கேட்டார்? எந்த இடம்னு கேக்கல. என்ன கலர்னு கேட்டார். பச்சையப் பாத்தவர் பச்சைன்னுதானே சொல்லணும்? சிவப்புன்னு ஏன் சொன்னார்?"

முப்பது வருடமாகப் பிள்ளைகளின் கணக்கில் எந்த வரியில் தப்பு என்று கண்டுபிடித்தவர். என் பொய்யைச் சிவப்பு மையால் சுழித்த மாதிரி இருந்தது.

"ஏதோ மறைக்கறீங்க" என்றார் டீச்சர். "ஒண்ணு, காலையில சொன்னது பொய். இல்ல, இப்ப சொல்றது பொய். எதை நம்பி நான் இவர வச்சுக்கிட்டு..."

"நான் சொன்னதுதாங்க தப்பு."

என் கணவர் வாசலில் நின்றிருந்தார். ஒரு காலில் அவருடைய செருப்பு, இன்னொன்றில் என்னுடைய பழையது. "எனக்குச் சிவப்பும் பச்சையும் வித்தியாசம் தெரியாது. பொறந்ததுலேருந்து அப்படித்தான். வெக்கப்பட்டுட்டு ஏதோ ஒண்ணைச் சொல்லிட்டேன். இவ என்னைக் காப்பாத்தப் பாக்கறா."

மேஸ்திரியின் அளவு நாடா சரக்கென்று சுருண்டு உள்ளே போனது.

"அப்போ சிக்னல்ல எப்படி சார் வண்டி ஓட்டறீங்க?" என்று கேட்டார் டீச்சரின் கணவர், உண்மையான அக்கறையோடு.

"மேல எரிஞ்சா நிக்கணும், கீழ எரிஞ்சா போகணும்."

"அட, சுலபமா இருக்கே."

செகரட்டரி என் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார், எங்க ஆபீஸ் மெஷினெல்லாம்..."

"பெட்டியில எழுத்து இருக்கும். அதைப் பாத்துத்தான் மாட்டுவேன். பிரிண்ட் சரியா இருக்கான்னு இவ பாத்துச் சொல்லுவா. பதினாறு வருஷமா ஒரு கம்ப்ளெய்ன்ட் வந்ததில்ல."

"அப்படின்னா போன மாசம் ஆபீஸ்ல அடிச்ச மலர்ல எங்க டைரக்டர் மூஞ்சி பச்சையா இருந்துச்சே, அது?"

என் கணவர் திரும்பினார். என்னைப் பார்த்தார். எல்லார் முன்னாலும், வெகு நேரம் பார்த்தார்.

"அது... இவ பாக்கல" என்றார்.

முதலில் சிரித்தது வாக்கர்காரர்தான். "டைரக்டர் பச்சையா!" என்று வாக்கர் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "பிடிங்க, பிடிங்க" என்று டீச்சர் பதறினார். செகரட்டரி சிரிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யாத முகத்தோடு நின்றார். அலுவலகத்தில் அவர் சொல்வாரா, சொன்னால் என்ன ஆகும் என்பதெல்லாம் இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது. பிளம்பர் பால்கனிக்குப் போய் மெஷினை நகர்த்தி, குழாய் மூட்டில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இதோ வெடிப்பு. அரை மணி நேர வேலை" என்று அங்கிருந்தே கத்தினார். டீச்சர் புது ஸ்டூலைச் சுவரோரம் தள்ளி வைத்தார். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி, "பொய் சொல்லப் பழகுங்கக்கா, ரொம்ப மோசமா சொல்றீங்க" என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் குழாய் மூட்டை மாற்றிவிட்டார்கள். பிளம்பர் கீழே வந்து, வாளியை அவரே நகர்த்தி வைத்துவிட்டு, கட்டிலை மூலைக்கு இழுத்து மேலே வேறொரு வெள்ளை விரிப்பைப் போடச் சொன்னார்.

"இப்ப ரெண்டு இடத்துலயும் நீலம் ஊத்தறேன் சார். நீலம் தெரியும்ல?"

"நல்லாத் தெரியும்."

"மூணு மணி நேரம் பாருங்க. ஒரு சொட்டுகூட வரக்கூடாது. வந்தா போன் பண்ணுங்க, வராட்டியும் போன் பண்ணுங்க."

பதினோரு மணிக்கு ஊற்றியாகிவிட்டது என்று டீச்சர் மேலிருந்து குரல் கொடுத்தார். என் கணவர் மகளின் கட்டிலில் மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்க்க ஆரம்பித்தார். நான் சமையலறையில் இரண்டு பாத்திரம் கழுவினேன். கழுவிய இரண்டையும் மறுபடி கழுவினேன். பிறகு படுக்கையறைக்குப் போய் என் தலையணையை எடுத்தேன்.

வாசலில் நின்றபோதுதான் தெரிந்தது, தலையணையோடு ஒரு வாசலில் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று. கையை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை.

அவர் தலையைத் திருப்பினார். தலையணையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நீலம் எனக்கே தெரியுமே" என்றார்.

"தெரியும். நகருங்க."

நகர்ந்தார். அது ஒற்றைக் கட்டில். அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டும் என் ஒரு தோள் வெளியேதான் இருந்தது. கொஞ்சம் ஒருக்களித்து, கையைத் தூக்கி, வேறு இடம் இல்லாததால் என் தலைக்குக் கீழே நீட்டினார். இரண்டு பேரும் கூரையைப் பார்த்தோம். அந்தப் பச்சை வளையம் ஓரங்களில் காய்ந்து வெளிறத் தொடங்கியிருந்தது.

"அது என்ன பச்சை?" என்று கேட்டார்.

"கிளிப்பச்சை. நடுவுல கொஞ்சம் அடர்த்தி."

"ம்."

மேலே வாக்கர் நகரும் சத்தம் கேட்டது. டொக், டொக், ஒரு இழுப்பு. பாத்ரூம் கதவு திறந்து மூடியது.

"இருமல் நின்ன அன்னிக்கே வந்தேன்" என்றார் அவர், கூரையைப் பார்த்தபடி. "நீ தூங்கிட்டிருந்த. என் பக்கம் துணி மடிச்சு அடுக்கியிருந்த. தலையணை உயரத்துக்கு. சரி, இப்பத்தான் கையக் கால நீட்டிப் படுக்கறா, இருக்கட்டும்னு போயிட்டேன்."

அவர் போன இரண்டாம் நாள் ராத்திரி, கை பழக்கத்தில் அந்தப் பக்கம் போய் வெறும் மெத்தையைத் தொட்டது. மறுநாளிலிருந்துதான் துணியை அங்கே அடுக்க ஆரம்பித்தேன். அவற்றை நான் அலமாரியில் வைத்ததே இல்லை. எடுத்து உடுத்துவேன், துவைப்பேன், மடித்து மறுபடியும் அங்கேயே வைப்பேன்.

"எழுப்பியிருக்கலாம்ல?" என்றேன்.

"நீ கூப்பிட்டிருக்கலாம்ல?"

"சொட்டு வருதான்னு பாருங்க."

"பாத்துட்டுத்தான் இருக்கேன்."

சிறிது நேரத்தில் அவருடைய கை மரத்துப்போயிருக்கும். எடுக்கவில்லை. எனக்கும் கழுத்து வலித்தது. சொல்லவில்லை. அவர் போட்டிருந்த வெளிர் நீலச் சட்டையின் காலர் நைந்து நூல் பிரிந்திருப்பதை அவ்வளவு பக்கத்தில்தான் பார்க்க முடிந்தது. சுவர்க் கடிகாரம் மகள் போன பிறகு நின்றுபோனது. என் கைப்பேசி ஹாலில் இருந்தது. வெயில் ஜன்னலிலிருந்து இறங்கி விரிப்பின் ஓரத்துக்கு வந்து, மெதுவாக எங்கள் கால்மேல் ஏறியது.

ஹாலில் கைப்பேசி அடித்தது. அடித்து நின்றது. பிறகு மேலே, எங்கள் தலைக்கு நேராக, வாக்கரின் காலால் தரையில் மூன்று தட்டு. டீச்சரின் கணவராகத்தான் இருக்க வேண்டும்.

"மூணு மணி நேரம் ஆயிடுச்சு போல" என்றேன்.

"ஆயிருக்கும்."

கட்டிலுக்கடியில் கிடந்த குச்சியை, பிளம்பர் விட்டுப்போனது, அவர் துழாவி எடுத்தார். படுத்தபடியே கையை நீட்டி, வளையம் படாத இடமாகப் பார்த்து, கூரையில் ஒரு தட்டு தட்டினார். ஒன்றுதான். மேலே இருப்பவர்கள் அதை என்னவென்று எடுத்துக்கொண்டார்களோ, பிறகு சத்தம் வரவில்லை. உதிர்ந்த சுண்ணாம்புத் தூள் கொஞ்சம் எங்கள் இரண்டு தலையணைகள் மேலும் விழுந்தது. தட்டிவிடவில்லை. கூரை ஒரு சொட்டு நீலமும் இல்லாமல், காய்ந்து, அப்படியே இருந்தது. நாங்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.